ஏழு பதினாறு

"நீங்கள் பாத்தனீங்களோ?"

எதைச் சொன்னாலும் முதலில் இதைத்தான் கேட்பார். இந்த முறை மழை பிந்தும் என்று சொன்னால், சொன்னவர் எதைப் பார்த்துச் சொன்னார் என்பார். கன்ரீன் வடையில் எண்ணெய் ஊறியிருக்கிறது என்றால், கடித்துப் பார்த்துவிட்டுத்தான் தலையாட்டுவார். நாங்கள் அவரைத் திருப்பிக் கேட்டால் கிடைக்கிற பதிலும் ஒன்றுதான்: "ஒருவேளை." எங்கள் ஆஸ்பத்திரி அற்றெண்டன் பெண்கள் இரண்டாம் கிழமையே அவருக்கு 'ஒருவேளை மிஸ்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவருக்கும் அது தெரியும். சிரிக்கவுமில்லை, கோபிக்கவுமில்லை.

நான் தீவுப்பகுதி ஆஸ்பத்திரி ஒன்றில் மருத்துவமாது. இருபத்தேழு வருசம் பிள்ளை பிடித்த கை இது. வாயும் அதற்கேற்ற மாதிரித்தான், எவரையும் ஏசித்தான் பழக்கம். அவர் யாழ்ப்பாணத்தில் ஒரு ஆய்வுகூடத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். நீலநிற ஐஸ்பெட்டியைத் தூக்கிக்கொண்டு முதல் பஸ்ஸில் வந்து, பிரசவ விடுதி வாசலில் வாங்கிலில் இருப்பார். பக்கத்து அறையில் யாரோ நித்திரை கொள்வதுபோல எப்போதும் தாழ்ந்த குரலில்தான் பேசுவார். முதலில் எனக்கு அது எரிச்சலாக இருந்தது. பிறகு அந்த அறையில் யார் கிடக்கிறார்கள் என்று நானே திரும்பிப் பார்க்கத் தொடங்கினேன்.

அவருக்கு வேண்டியது தொப்புள்கொடி. ஒன்றரைச் சாண் நீளம், இரண்டு பக்கமும் கிளிப் போட்டு, அவர் தருகிற போத்தலுக்குள் வைத்துக் கொடுக்கவேண்டும். ஆஸ்பத்திரியிலிருந்தும், விடுதி நேர்ஸ் மூலம் தாய்மாரிடமிருந்தும் கையெழுத்து வாங்கியிருந்தார். எல்லாம் முறைப்படிதான். ஆனாலும் நான் விடவில்லை.

"என்ன பிள்ளை, ஊரெல்லாம் கொடியைப் புதைக்குது, நீர் கொண்டுபோய் என்ன செய்யப்போறீர்?"

"மிஸ்ஸி, வாழைக்காயை வெட்டி வைச்சா கறுக்குது, என்ன? இரும்பு துருப்பிடிக்குது. ரெண்டும் ஒட்சிசன் செய்யிற வேலை. எங்கட ரத்தக்குழாயின்ர உள்பக்கத்திலை ஒரேயொரு படை செல் இருக்கு. வெங்காயச் சருகைவிட மெல்லிசு. வயசு போகப்போக, சீனி கூடக்கூட, அதையும் அப்பிடித்தான் அரிக்குது. அதுக்குப் பிறகுதான் பிறஷரும் மாரடைப்பும்."

"அதுக்கு?"

"வெட்டின வாழைக்காய்க்குத் தேசிப்புளி விட்டுக் கறுக்காமல் வைக்கிறியள் எல்லோ. அந்தச் செல்லுக்கும் அப்பிடி ஒண்டு இருக்கோ எண்டு பாக்கிறன். உமரியிலை."

உமரி தீவில் கேட்பாரில்லாமல் கிடக்கிற பூண்டு. கடல்நீர் ஏறி வற்றுகிற வெளிகளில், வேறு புல்லே முளைக்காத உப்பு மண்ணில், நெருப்பு வெய்யிலில் சிவந்துபோய் நிற்கும். முன்பு சாமான் வராத காலங்களில் எங்கள் வீட்டில் அவித்து உப்புநீரை ஊற்றிவிட்டுச் சுண்டித் தின்றிருக்கிறோம். அவ்வளவு உப்பிலும் வெய்யிலிலும் அது சாகாமல் நிற்கிறதென்றால், அரிப்பைத் தடுக்க அது தனக்குள்ளே ஏதோ செய்துவைத்திருக்கிறது என்பது அவருடைய எண்ணம். அந்த ஏதோ ஒன்று மனித இரத்தக்குழாயையும் காப்பாற்றுமா?

"காப்பாத்துமோ?" என்றேன்.

"ஒருவேளை. கண்ணாடிப் பாத்திரத்திலை காப்பாத்தினா ஆளைக் காப்பாத்தும் எண்டில்லை மிஸ்ஸி. ஒருதருக்கும் சொல்லிப்போடாதேங்கோ, நாளைக்கே உமரியை அரைச்சுக் குடிக்கத் தொடங்கிவிடுவினம்."

பிறந்த பிள்ளையின் கொடியில் அந்தப் படை புத்தம்புதிதாக, இன்னும் ஒருநாளும் அரிபடாததாக இருக்குமாம். அதனால்தான் கொடி. குழாய் விட்டு இரத்தத்தைக் கழுவி, ஒரு மருந்தை நிரப்பி, கால் மணித்தியாலம் வைத்தால் உள்படை கழன்று வந்துவிடும். அதைத் தட்டைப் போத்தல்களில் விட்டு, உடம்புச் சூட்டில் வைத்து, இரண்டு நாளுக்கொருக்கால் றோசா நிறத் தண்ணீர் மாற்றினால் அது வளரும். பிள்ளை தாயின் மடியில் வளரும், அதனுடைய செல் யாழ்ப்பாணத்தில் ஒரு பெட்டிக்குள் வளரும். கேட்டபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. "உது நல்லதுக்கில்லை பிள்ளை" என்று சொல்லியும் விட்டேன். அவர் என்னைப் பார்த்து, "நல்லதோ கெட்டதோ, நான் இன்னும் பாக்கேல்லை" என்றார்.

போத்தலில் எண் மட்டும்தான் எழுதவேண்டும். பெயரில்லை, ஊரில்லை. யாருடையது என்று அவருக்கே தெரியக்கூடாது என்பது சட்டம். நான் அந்தச் சட்டத்தை உடைத்தேன். வேண்டுமென்றல்ல, கைப்பழக்கத்தால். எங்கள் ஊரில் பிள்ளை தலைகாட்டினவுடன் தகப்பன் கேட்பது ஆணா பெண்ணா என்றல்ல, "மிஸ்ஸி, நேரம் என்ன?" என்றுதான். சாதகத்துக்கு நிமிசம் பிசகக்கூடாது. அதனால் பிள்ளையைப் பிடித்த கையோடு மணிக்கூட்டைப் பார்த்துக் கிட்ட இருக்கிற எதிலாவது நேரத்தை எழுதிவிடுவேன். கையுறைப் பெட்டியில் எழுதியிருக்கிறேன், என் சொந்தக் கையில் எழுதியிருக்கிறேன். அவருடைய போத்தல்கள் பக்கத்தில் இருந்ததால் அவற்றிலும் எழுதினேன். அவர் எண்ணை விட்டுவிட்டு நேரத்தைப் பிடித்துக்கொண்டார்.

"ஐஞ்சு நாப்பது சரிவரேல்லை மிஸ்ஸி, பூஞ்சணம் பிடிச்சிட்டுது. ஒம்பது ரெண்டு நல்லாச் சாப்பிடுறா." எல்லாக் கொடியும் அவருக்கு 'அவ'தான். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அன்றைக்கே நிறுத்தியிருக்கவேண்டும். எண் என்றால் எண்ணோடு போய்விடும். நேரம் என்பது எங்கள் ஊரில் ஆளின் பெயர்மாதிரி. இது அவருக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம், எனக்குத் தெரியாதா?

சுகந்தி புங்குடுதீவு மடத்துவெளிப் பெண். அவளுக்குக் கலியாணமாகி ஆறு வருசத்துக்குப் பிறகு வந்த முதல் பிள்ளை, பெண், காலை ஏழு பதினாறு. புருசன்காரன் பிள்ளைக்குப் பின்னால் விழுந்த நஞ்சை ஒரு சட்டிக்குள் வாங்கிக்கொண்டுபோய் வளவில் புதைத்தான். கொடியில் ஒன்றரைச் சாண் ஐஸ்பெட்டிக்குள் போனது. பதினோராம் நாள், பால் குடித்துவிட்டுக் கிடத்திய பிள்ளை பிறகு எழும்பவில்லை. ஒருவர் பேரிலும் பிழையில்லை. அப்படியும் நடக்கும். அவருக்கு நான் இதைச் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது? யாருடைய கொடி என்று அவருக்குத் தெரியக்கூடாதே.

நாலைந்து கிழமை கழித்து என்னுடைய லீவு நாளில், உமரி எங்கே நிறைய நிற்கிறது என்று காட்டச் சொல்லி வந்தார். மடத்துவெளிப் பக்கம் கூட்டிக்கொண்டு போனேன். பறித்து முடிய நல்ல வெய்யில். வெளிக்கு முன்னால் இருந்த வளவிலிருந்து சுகந்தி எங்களைக் கண்டு, "மிஸ்ஸி, வாங்கோ, தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ" என்று கூப்பிட்டாள். எனக்குப் போகவும் மனமில்லை, போகாமல் விடவும் மனமில்லை. போனோம்.

கதிரை எடுத்துப் போட்டுத் தேசிக்காய்த் தண்ணி தந்தாள். பையிலிருந்த உமரியைப் பார்த்து, இது எதற்கு என்று கேட்டாள். வாழைக்காயும் இரும்பும் தொடங்கி அவர் தாழ்ந்த குரலில் எல்லாம் சொன்னார். கேட்பதற்கு ஒரு ஆள் கிடைத்த சந்தோசத்தில் முகம்கூட மலர்ந்திருந்தது. நான் கண்ணைக் காட்டினேன், கையைக் காட்டினேன், அவர் கவனித்தால்தானே. கடைசியில் சொன்னார்:

"எல்லாத்திலையும் கெட்டிக்காரி ஏழு பதினாறுதான். இண்டைக்குக் காலமையும் பாத்திட்டுத்தான் வந்தனான். வடிவாய் இருக்கிறா."

சுகந்தி வாங்கிய கிளாஸைக் கீழே வைக்கவில்லை.

"ஏழு பதினாறு எண்டா?"

"அவ பிறந்த நேரம்."

சுகந்தி உள்ளே போனாள். சாமிப்படத்துக்குப் பின்னாலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்துவந்து விரித்தாள். சாத்திரியார் குறித்துக் கொடுத்த தாள். திகதி, நேரம், என்னுடைய வாயால் நான் சொன்னது. அவர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். 'ஒருவேளை' என்று சொல்வார் என்று காத்திருந்தேன், என் ஆண்டவனே, அன்றைக்கு மட்டும் அவர் சொல்லவேயில்லை.

"என்ர பிள்ளை உயிரோடையோ?" என்று கேட்டாள் சுகந்தி.

"பிள்ளை இல்லை அம்மா. அவவின்ர செல். கொஞ்சம்."

"கொஞ்சமெண்டாலும், உயிரோடையோ?"

"ஓம்."

அடுத்த கிழமை சுகந்தியை நான்தான் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனேன். பிழை விட்டது நான், வேறு யார் கூட்டிக்கொண்டு போவது? பாலத்தைக் கடக்கும்போது இரண்டு பக்கமும் கடல் அசையாமல் கிடந்தது. அவள் கேட்டது ஒன்றுதான்: "அங்கை அவவுக்குக் குளிருமோ?"

ஆய்வுகூடத்தில் அவர் எங்கள் கையைக் கழுவச் சொன்னார், தலைக்குத் துணித் தொப்பி தந்தார். பெட்டியின் கதவைத் திறந்து ஒரு தட்டைப் போத்தலை எடுத்துச் சட்டென்று மூடினார். "கனநேரம் திறந்து வைக்கேலாது, சூடு போயிடும்." போத்தலில் 7.16 என்று எழுதியிருந்தது. என்னுடைய ஏழைப் போலவே நடுவில் கோடு போட்டு எழுதியிருந்தார். நுணுக்குக்காட்டியின் கீழே வைத்து, சுகந்தியைக் குனிந்து பார்க்கச் சொன்னார்.

அவள் பார்த்தாள். கனநேரம் நிமிரவில்லை. பிறகு நானும் பார்த்தேன். கல் பாவிய முற்றம்போல ஒன்றோடொன்று நெருங்கி, எல்லாம் ஒரே அளவில், நடுவில் ஒவ்வொரு புள்ளியோடு. ஒன்றும் அசையவில்லை. ஆனால் செத்த பொருள் அப்படி இருக்காது என்பது பார்த்தவுடனே தெரிந்தது. நான் எத்தனையோ பிரசவத்தையும் எத்தனையோ சாவையும் பார்த்தவள். இரண்டிலும் சேராத ஒன்றை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

திரும்பிப் பார்த்தால் சுகந்தியின் சட்டை முன்பக்கம் இரண்டு இடத்தில் நனைந்திருந்தது. பால். பிள்ளை போய் ஒரு மாதத்துக்கு மேல். அவள் அதைக் கவனிக்கவில்லை. அவர் கவனித்தார். தன்னுடைய வெள்ளை மேலங்கியைக் கழற்றி அவளுக்குப் போட்டுவிட்டார்.

மேசையில் சின்னச் சின்னக் குழிகளுள்ள தட்டொன்று இருந்தது. எல்லாக் குழியிலும் ஏழு பதினாறு. அன்றைக்கு அரைவாசிக் குழிகளுக்கு உமரிச் சாறு விடவேண்டும். மறுநாள் எல்லாவற்றுக்கும் அரிக்கிற மருந்து. புண் கழுவும்போது நுரைக்குமே, அதே மருந்துதான், கொஞ்சத்திலும் கொஞ்சம். அதன் பிறகு எந்தப் பக்கம் எத்தனை மிஞ்சியது என்று எண்ணுவார். அவர் எதையும் மறைக்கிற ஆளில்லை. கேட்டவுடன் சுகந்திக்கு எல்லாவற்றையும் சொன்னார்.

"மற்ற அரைவாசிக்கு?"

"வெறும் தண்ணி."

"அப்ப அதுகள்?"

"கனக்கச் செத்துப்போகும். இலைதான் காப்பாத்தினது எண்டு தெரியோணுமெண்டா, இலை குடுக்காததும் இருக்கோணும். இல்லாட்டி நான் ஒண்டையும் பாத்ததாகாது." சொல்லிவிட்டுச் சுகந்தியின் பக்கம் திரும்பினார். "நீங்கள் கையெழுத்து வைச்சனீங்கள். வேண்டாமெண்டு சொல்லுற உரிமையும் உங்களுக்கு இருக்கு. சொன்னா இப்பவே நிப்பாட்டிப்போடுவன்."

சுகந்தி தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"நிப்பாட்ட வேண்டாம். எல்லாத்துக்கும் இலையைக் குடுங்கோ."

"அப்பிடிச் செய்தா இது பரிசோதனையில்லை அம்மா."

"ஒரு பக்கத்துக்கு ஊட்டி, மற்றப் பக்கத்தைச் சாகவிட்டுப் பாக்கச் சொல்லி ஒரு தாயைக் கேப்பியளோ?"

இப்போது அவர் ஒரு வகுப்பே எடுப்பார் என்று நினைத்தேன். கறி உப்பா என்று கடித்துப் பார்க்காமல் சொல்லாத மனிசி. அவரோ உமரிச் சாற்றை உறிஞ்சியெடுத்து ஒவ்வொரு குழியாக விட்டார். ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை. கடைசிக் குழி முடிந்ததும் தட்டை மூடினார். "நாளைக்கு அந்த மருந்தும் இல்லை" என்றார். ஏழு பதினாறை வைத்து அதன் பிறகு அவர் எந்தப் பரிசோதனையும் செய்யவில்லை. வேறு கொடிகளை வைத்துத்தான் ஆராய்ச்சியை முடித்தார். முடிவு என்ன என்று நான் கேட்டபோது, "உமரி கொஞ்சம் காப்பாத்துது போல கிடக்கு, ஒருவேளை" என்றார்.

அன்றைக்கே சுகந்திக்கு இன்னொன்றும் சொன்னார். போத்தலில் இருக்கிற செல் நெடுகக் காலம் பெருகாதாம். சிலமுறை பெருகிய பிறகு தானாக ஓய்ந்துவிடும். அதனால் கொஞ்சத்தை ஒரு விரலளவுக் குழாயில் அடைத்து, திரவ நைதரசன் நிரப்பிய தாங்கிக்குள் உறையவைப்பதாகச் சொன்னார். எல்லாம் அப்படியே நிற்குமாம்.

"எவ்வளவு காலத்துக்கு?"

"தாங்கியிலை குளிர் இருக்கும் மட்டும்."

"வருசத்துக்கு ஒருக்கால், அவ பிறந்த நாளிலை பாத்துச் சொல்லுவியளோ? பாக்காமல் சொல்லக்கூடாது," என்றாள் சுகந்தி.

"பாத்துத்தான் சொல்லுவன்."

ஒவ்வொரு வருசமும் அந்த நாளில் காலை ஏழு பதினாறுக்கு என்னுடைய போனுக்கு ஒரு செய்தி வரும். நான் புங்குடுதீவுக்குப் பஸ் ஏறிப்போய்ச் சுகந்திக்குக் காட்டுவேன். அவள் வேலியோரம் உமரியைப் பறித்துக் கட்டி வைத்துக்கொண்டு நிற்பாள். "ஆய்வுகூட மிஸ்ஸிட்டைக் குடுங்கோ, ஒரு பக்கத்துக்கு மட்டுமில்லை, எல்லாருக்கும் குடுக்கச் சொல்லுங்கோ" என்று தருவாள். பிறகு அவளுக்கு இரண்டு ஆண்பிள்ளைகள் பிறந்தார்கள், இரண்டையும் நான்தான் பிடித்தேன். அப்படியும் அந்த ஒருநாள் தப்பவில்லை.

இந்த வருசம் மாசியில் அவர் செத்துப்போனார். செத்தவீட்டில் கேள்விப்பட்டேன், நோய் இருந்ததாம், ஒருவருக்கும் சொல்லவில்லையாம். அடி பாவி, எனக்காவது சொல்லியிருக்கலாம் என்று அழுதேன். பெட்டியைச் சுற்றி இருந்தவர்கள் சத்தமாகக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு எழும்பி எல்லோரையும் மெதுவாகக் கதைக்கச் சொல்லவேண்டும்போல இருந்தது.

அந்த நாள் கிட்டவந்தது. அவரில்லாவிட்டால் யார் பார்ப்பது? நான் ஆய்வுகூடத்துக்குப் போனேன். புதிதாக வந்திருந்த பிள்ளையொருத்தி தாங்கியின் மூடியைத் திறந்துகாட்டினாள். புகை எழும்பவில்லை. உள்ளே காய்ந்து கிடந்தது.

"இது வத்திக் கனகாலம் மிஸ்ஸி. பெற்றோலுக்கு வரிசையிலை நிண்ட வருசம் நைதரசன் வரேல்லை. மிஸ் எங்கையெல்லாமோ சைக்கிளிலை அலைஞ்சு கேட்டவவாம். எல்லாம் பழுதாய்ப் போச்சுது. மற்ற எல்லாத்தையும் எறிஞ்சிட்டினம், இந்த ஒண்டை மட்டும் எறிய விடேல்லை."

ஒரேயொரு குழாய். நடுவில் கோடு போட்ட ஏழு. அடியில் காய்ந்த றோசா நிறத்தில் ஒரு சிட்டிகை.

"வருசத்திலை ஒருநாள் வெள்ளன வந்து மூடியைத் திறந்து பாத்துக்கொண்டு நிப்பா," என்றாள் அந்தப் பிள்ளை. "ஆரோ உள்ளுக்குப் படுத்திருக்கிற மாதிரி."

பஸ்ஸில் வரும்போது போனில் பழைய செய்திகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். முதல் வருசங்களில் எல்லாம் "பாத்தன். இருக்கிறா." பெற்றோல் வரிசை வருசத்துக்குப் பிறகு "இருக்கிறா" மட்டும். ஒரு சொல்லை விட்டுவிட்டார். வெறும் தாங்கியைப் பார்த்துவிட்டுப் 'பாத்தன்' என்று எழுத அவருக்குக் கை வரவில்லை. வாழ்நாளில் 'ஒருவேளை' இல்லாமல் அவர் சொன்ன பொய் அந்த ஒன்றுதான், அதிலும் பாதியைச் சொல்லாமல் விட்டிருக்கிறார்.

அந்தக் காலை என் போன் சும்மா கிடந்தது. ஏழு பதினாறு ஆனது, ஏழு பதினேழு ஆனது. நான் புங்குடுதீவுக்குப் போனேன். சுகந்தி வேலியோரம் நின்றாள், கையில் உமரிக்கட்டு.

"மிஸ் செத்துப்போனா சுகந்தி," என்றேன். அதைச் சொல்லாமல் இருக்க எனக்கு ஏலவில்லை.

அவள் வெளிப்பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கேட்டாள்:

"அப்ப பிள்ளை?"

"இருக்கிறா."

"அவவும் கொஞ்சக் காலமாய் 'பாத்தன்' எண்டு எழுதிறேல்லை மிஸ்ஸி." என் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "நீங்கள் பாத்தனீங்களோ?"

பார்த்தேன்தான். மூடியைத் திறந்து, குழாயைக் கையில் எடுத்து, இந்தக் கண்ணால் பார்த்தேன். அவருக்கு வராத கை எனக்கு வந்தது.

"ஓம், பாத்தனான்," என்றேன்.

என் குரல் தாழ்ந்து வந்தது. பக்கத்து அறையில் யாரோ நித்திரை கொள்வதுபோல. சுகந்தியும் அதே குரலில், "அப்ப சரி" என்றாள். உமரிக்கட்டை என் கையில் தந்தாள்.

"இனி நீங்கள்தான் பாக்கோணும். எல்லாருக்கும் குடுங்கோ, என்ன?"

வாங்கிக்கொண்டேன்.